இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, மாடி அறை.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்
இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால்
அதுதான் என் ஸ்டூடியோ.
வருகிறவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும்.

சோணைமுத்து குட்டியானை ஓட்டுகிறவர்.
வடுகபட்டிப் பூண்டு, ஒட்டன்சத்திரம் வெங்காயம்.
ஒலிபெருக்கியில் கூவ ஒரு குரல் வேண்டும்,
என் குரலே இருக்கட்டும் தங்கச்சி, என்றார்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
டீயில் ஆடை படிந்துவிட்டது.

முதல் டேக்கில் ஏதோ பொரிந்தது,
காய்ந்த சட்டியில் கடுகு விழுந்ததுபோல்.
பஃபரை ஏற்றினேன். நூற்றிருபத்தெட்டு,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு,
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில்தான் அடங்கியது.
ஆனால் அவர் பேச்சு அவர் காதுக்கு
ஓரெட்டு பின்தங்கிப் போய்ச் சேர்ந்தது.
மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று
மளமளவெனப் பேசி முடித்தார்.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்.
நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூண்டு விலை ஏறிவிட்டது,
வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன் என்று போனார்.

ஹெட்போனை மாட்டி நானே பேசிப் பார்த்தேன்.
காதில் "பூ" வந்தபோது வாய் "டு"வில் இருந்தது.
இரண்டையும் சேர்க்கப் பார்த்த நாக்கு
பூ பூ என்றது,
ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறவள் மாதிரி.

மூன்று ராத்திரி.
வைஃபையை அணைத்தேன். பொரிந்தது.
ப்ளூடூத், கேமரா, வைரஸ் காவலாளி,
விரல்ரேகை பார்க்கும் என்னவோ ஒன்று
ஒவ்வொருவராய் வெளியே அனுப்பினேன்,
கல்யாண வீட்டில் சங்கிலி தொலைந்தால்
சம்பந்திவரைக்கும் சந்தேகப்படுவதுபோல்.
ஒயரை இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்கு.
கரண்டை மிச்சம் பிடிக்காதே என்று ஓர் உத்தரவு.
சிவப்புக் கோடு இறங்கவே இல்லை.
கடைசி விமானம்கூட இறங்கிவிட்டது.

அகப்பட்டபோது மணி இரண்டேகால்.
பேட்டரி.
ரெண்டு வருஷமாய்ச் செத்துக் கிடக்கிற பேட்டரி.
அதனிடம் போய், பத்து நொடிக்கொரு தரம்,
இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு
என்று விசாரித்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர்.
பதில் வரும்வரை
வாசலில் கைகட்டி நின்றிருக்கிறது சத்தம்.
இனிமேல் கேட்காதே என்றேன்.
கோடு தரையோடு படுத்தது.
பஃபர் அறுபத்து நாலு.
பூண்டு என்றேன், பூண்டு என்றது.
வெங்காயம்! வெங்காயம்! என்று கத்தினேன்.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை சோணைமுத்து வந்தார்.
மாட்டிக்கொண்டு "வ" என்றார்.
வ. வ. வ.
வடுகபட்டி வரவில்லை.
கழுத்து நரம்பு புடைத்தது, கை தொடையைத் தட்டியது,
மெத்தை இடுக்கில் எனக்கும் மூச்சு முட்டியது.
ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
நின்று நின்று கேட்டார்:
அன்னைக்குக் கூடவே ஒருத்தர் பேசுனாரே தங்கச்சி,
என் பின்னாடியே.
அவர் இல்லையா?

எனக்கு மூன்று ராத்திரி ஞாபகம் வந்தது.
மௌஸை எடுத்தேன்.
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு.

வடுகபட்டிப் பூண்டும்மா, கிலோ நூத்தி எம்பது,
ஒட்டன்சத்திரம் வெங்காயம், மூணு கிலோ நூறு,
ஒரே மூச்சு.
கடைசியில் அவராகச் சேர்த்துக்கொண்டார்:
பை கொண்டு வாங்க, பை கொண்டு வாங்க.

நேற்று எங்கள் தெருவுக்கே வந்தது குட்டியானை.
மேலே குரல் தடையில்லாமல் கூவிக்கொண்டிருந்தது.
தராசோடு இறங்கியவர்
என்னைப் பார்த்துச் சிரித்து
எ, எ, எவ்வளவு, என்றார்.
அரைக் கிலோ என்றேன்,
அவர் கேட்டு முடித்த பிறகு.